இடது பக்கம் எதிர்பார்ப்பு

நான் வரையும் படத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருக்கும். இடது பக்கம் ‘எதிர்பார்ப்பு’, வலது பக்கம் ‘நிஜம்’. இரண்டிலும் ஒரே நாய். வெள்ளை உடம்பு, நீளக் கால், ரோஸ் நிற மூக்கு. இடது பக்கத்தில் அது காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு மலையடிவாரத்தில் பறக்கும். வலது பக்கத்தில் தயிர்ச்சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஈ விரட்டும். அதைப் பார்த்து ஊர் உலகமெல்லாம் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வராது. அந்த நாய் நான்தான்.

இது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராமில் இந்தப் படங்களைப் போடும் பக்கத்துக்கு ‘ஜான்சி’ என்று பெயர் வைத்திருந்தேன். என் பெயர் வெங்கடேஸ்வரி. மல்டிமீடியா படித்துவிட்டு, ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கணவர் வேல்பாண்டி ராணுவத்தில் இருக்கிறார், காஷ்மீர்ப் பக்கம். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமனார், மாமியார், நான், பிறகு நிஜ ஜான்சி.

மாமனார் சோலைச்சாமி போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. வீடு கட்டியபோது வெல்டரிடம் சொல்லி இரும்புக் கேட்டில் இரண்டு நட்சத்திரங்களை வைக்கச் செய்தார், தோளில் இருந்ததைப் போலவே. ஒருநாள் செங்கல் இறக்க வந்த டிராக்டர் இடித்து ஒரு நட்சத்திரத்தின் முனை உடைந்துபோனது. அதை அவர் சரிசெய்யவில்லை. இடித்தவனே வந்து ஒட்டித் தரவேண்டும் என்று இன்றுவரை காத்திருக்கிறார்.

ஜான்சி இந்த ஊர் நாய் ஜாதி. ஒருவருக்குத்தான் அடங்கும். அது மாமாவுக்கு அடங்கும், சோறு வைக்கிற அத்தையைப் பொறுத்துக்கொள்ளும், என்னை ரொம்ப நாள் முறைத்துவிட்டுப் போனால் போகிறதென்று விட்டுவிட்டது. வெளியாள் யாராக இருந்தாலும் முதலில் கணுக்காலைத்தான் பார்க்கும். அதனால் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விடிந்ததும் ஜான்சியை மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கட்டிவிட்டுக் கேட்டைத் திறப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு ஜான்சியை அவிழ்ப்பார்கள். கேட்டுக்குச் சாவி ஒன்றுதான். அது மாமாவின் இடுப்பு பெல்ட்டில் தொங்கும். லாக்கப் சாவியைத் தொங்கவிட்ட பழக்கம்.

பெண் பார்க்க வந்த அன்று, செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து, என் அப்பா கேட்காமலேயே மாமா சொன்னார். “படிச்ச பிள்ளை. வீட்டுக்குள்ள உக்காந்து என்ன செய்யப் போகுது? தாராளமா வேலைக்குப் போகட்டும். நாங்க ஒண்ணும் பழைய ஆளுக கெடையாது.” என் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்சியை இடது கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலது கட்டத்துக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். ‘பாப்போம்.’ கல்யாணத்துக்குப் பிறகு வேலைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் மாமா சொன்ன வார்த்தை அது. அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டாம் என்றால் சண்டை போடலாம், அழலாம், அம்மா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். பாப்போம் என்று சொல்கிற மனுஷரிடம் என்ன செய்ய முடியும்? பார்த்துக்கொண்டேதான் இருக்க முடியும். நானும் பார்த்தேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அத்தையும் மாமாவும் படுத்திருந்த நேரத்தில், சங்கிலியில் கிடந்த ஜான்சியை போனில் விரலாலேயே வரைந்தேன். சங்கிலிக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்தேன். ஏன் மஞ்சள் என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். “தங்கச் சங்கிலியா, வசதியான நாய்தான்” என்று ஒருவர் கமெண்ட் போட்டார். அத்தோடு சரி.

ஆனால் படம் பிடித்துப்போனது. ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தங்கள் ஊர் நாயைக் கார்ட்டூனில் பார்ப்பதே பெருமை. சென்னையில் இருப்பவர்களும் துபாயில் இருப்பவர்களும் பகிர்ந்தார்கள். “எங்கள் மேனேஜர் என்னை வேலைக்கு எடுத்த கதை” என்று எழுதினார்கள். ஒருநாள் என் கணவரே எனக்கு ஒரு படத்தை அனுப்பினார். புது வீட்டுக்குள் அலங்காரத்தோடு நுழைகிற நாய் இடது பக்கம், அதே நாய் சட்டி பாத்திரத்துக்கு நடுவில் வலது பக்கம்.

“ஏட்டி, பாத்தியா? நம்ம ஜான்சியை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்” என்றார் போனில். “இங்க கேம்ப்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கோம்.”

“அதைப் பாத்தா ஒங்களுக்கு வேற யாரு ஞாபகமும் வரலையா?” என்று கேட்டேன்.

“வேற யாரு? நம்ம ஹவில்தாரா?”

நான் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அன்று கழுவிய பாத்திரங்களில் ஒரு சொம்பு நசுங்கியது.

பிறகுதான் பாண்டிசெல்வி கூப்பிட்டாள். கல்லூரியில் என்னோடு படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் டிசைன் கடை வைத்திருக்கிறாள். ஜான்சி பக்கத்தை நடத்துவது நான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். நான் கோடு போடும் விதம் அவளுக்குத் தெரியும்.

“பால்கோவா டப்பாவுக்கு எல்லாரும் அதே கோபுரம், அதே கிளியைப் போட்டுச் சலிச்சுப்போச்சுடி” என்றாள். “ஆடிப்பூரத்துக்குப் புதுசா கேக்காங்க. ஒன் கை வேணும். காலையில வந்துட்டுச் சாயங்காலம் போயிரு. வர்ற திங்கக்கிழமை வந்து உக்காந்துரணும். இல்லேன்னா சிவகாசியில இருந்து ஒருத்தரு தயாரா இருக்காரு, அவரைப் போட்டுருவேன். தேரு யாருக்காகவும் நிக்காதுல்ல?”

எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு பஸ் தூரம். கேட்டுக்கு எதிரிலேயே நிறுத்தம். அன்று சாயங்காலம் மாமாவுக்குக் காபி கொடுக்கும்போது சொன்னேன். அவர் காபியை ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, “பாப்போம்த்தா” என்றார். கணவருக்குப் போன் போட்டேன். “அப்பா என்ன சொல்லுதாரு?” என்றார். “பாப்போம்ங்காரு” என்றேன். “பொறவென்ன? வேண்டாம்னு சொல்லலைல்ல?” என்று சந்தோஷப்பட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். இடது பக்கம், நாய் தோளில் பை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறுகிறது, கூலிங்கிளாஸ் வேறு. வலது பக்கம், மஞ்சள் சங்கிலியில் கட்டிக்கிடக்கும் நாய் கேட் கம்பி வழியாக அந்த பஸ் போவதைப் பார்க்கிறது. கற்பனையாக ஒரு கேட் போட்டிருக்கலாம். ஆத்திரத்தில் கை தினமும் பார்க்கிற கேட்டைத்தான் போட்டது. இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்றுக்கு முனை இல்லை. படத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

அந்தப் படம் மற்றதையெல்லாம் விட வேகமாக ஓடியது. முதலில் “ஐயோ பாவம்” என்றார்கள். பிறகு ராஜபாளையத்து ஆள் ஒருவர் கேட்டை அடையாளம் கண்டு “இது நம்ம எஸ்.ஐ. ஐயா வீடு” என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். நாய்ப் பிரியர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். “வாயில்லாத பிராணியை நாள் முழுக்கக் கட்டிப்போடும் போலீஸ் அதிகாரி” என்று ஆரம்பித்து, என் மாமா நாய்க்குச் சோறு போடுவதில்லை என்பதுவரை போனது. ஜான்சி என்னைவிட நன்றாகச் சாப்பிடும் என்று பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாமாவோடு வேலை பார்த்த ஐயாதுரை, போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “ஏலே சோலைச்சாமி, இந்தா பாரு. ஒன் கேட்டு, ஒன் நாயி. ஊரே காறித் துப்புது” என்று நீட்டினார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் செத்துப்போனது. சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி வாங்காத மனுஷர்.

ஐயாதுரை போனதும் வீட்டுக்குள் விசாரணை தொடங்கியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்தார், அத்தையும் நானும் எதிரில் நின்றோம். கரண்டு கணக்கெடுக்க வருகிறவர், கேபிள்காரர், எதிர்வீட்டு மொக்கைச்சாமி என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டார். அடுத்தது என் முறை என்று நினைத்தேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வெளியாளு வேலைதான். இந்த வீட்டுல யாருக்கு இம்புட்டு மூளை இருக்கு?” என்று முடித்துவிட்டார். தப்பித்தேன் என்று சந்தோஷப்படுவதா, இல்லை சொம்பை எடுத்து இன்னொரு தடவை நசுக்குவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. மாமா எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார். ஜான்சி வாலை ஆட்டியது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, சங்கிலி உரசி முடி உதிர்ந்திருந்த அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது.

“ஏட்டி மாடத்தி, இங்க வந்து பாரு. கழுத்தெல்லாம் எப்படிப் போயிருக்கு. அதுக்கும் வெளிய போகணும், நாலு எடத்தைப் பாக்கணும்னு இருக்கும்ல? வாயில்லாத சீவன், யாருகிட்டப் போயிச் சொல்லும்?”

அவர் நடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஜான்சிக்காக இல்லை. இதுதான் நேரம் என்று தோன்றியது.

“மாமா, எனக்கும் அந்தத் திங்கக்கிழமை வேலை…” என்று ஆரம்பித்தேன்.

“அதைப் பொறவு பேசுவோம்த்தா. செத்த நேரம் இரு” என்றார். சங்கிலியைக் கழற்றினார். கழற்றி, சுருட்டி, பழைய சாமான் அறைக்குள் வீசினார். “இனி இந்த வீட்டுல சங்கிலி கெடையாது” என்றார். அத்தையை போட்டோ எடுக்கச் சொல்லி, அவிழ்த்துவிட்ட ஜான்சியோடு நின்று, ஸ்டேட்டஸ் போட்டார். ஐயாதுரை முதல் ஆளாகக் கைதட்டும் படம் அனுப்பினார். ஊர் அடங்கியது. ‘தவறை உணர்ந்த அதிகாரி’ என்று ஒரு பக்கத்தில் பாராட்டே வந்துவிட்டது.

மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. சட்டம் மாறவில்லை. நாயைக் கட்டியிருந்தால் கேட் திறந்திருக்கும், நாய் அவிழ்ந்திருந்தால் கேட் பூட்டியிருக்கும். இப்போது நாய் எந்நேரமும் அவிழ்ந்திருக்கிறது. விடிந்தும் கேட் திறக்கவில்லை.

பால்காரர் மதிலுக்கு மேலாகப் பாத்திரத்தை நீட்டினார். காய்கறிக்காரம்மா வெளியிலிருந்தே கூவிவிட்டு, ஜான்சி குரைத்த குரைப்பில் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். எதிர்வீட்டு வளைகாப்புக்கு அத்தை போகவேண்டியிருந்தது. மாமா தளவாய்புரத்துக்குப் போயிருந்ததால் சாவி இல்லை. அத்தை பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, கேட் கம்பியைப் பிடித்தபடி, மைக்செட் பாட்டை இங்கிருந்தே கேட்டுவிட்டுப் போய்ப் புடவையை மடித்து வைத்தார். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. அதுவும் மாமாவின் ஏற்பாடுதான், திருடனுக்காக.

என் படம் பலித்துவிட்டது. தப்பான நாய்க்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இந்த முறை கேட்கவில்லை, சொன்னேன். “மாமா, நாளைக்குக் காலையில முத பஸ்ஸுக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன். கேட்டைத் திறந்து விடுங்க.” அவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே “ம்” என்றார். அந்த ‘ம்’ பாப்போம் இல்லை. அதை வைத்துக்கொண்டு இரவு முழுக்க எவ்வளவு கனவு கண்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. பால்கோவா டப்பாவில் கிளியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

திங்கட்கிழமை குளித்து, பருத்திப் புடவை கட்டி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஜான்சி இல்லை. மாமாவும் இல்லை. கேட் பூட்டியிருந்தது. பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது.

அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தார், உள்பக்கமாகவே. “நாயைக் கூட்டிட்டு நடக்கப் போயிருக்காவ” என்றார் என்னைப் பார்க்காமல். “வெளிய போனா பூட்டுறது கைப் பழக்கம்.”

நாய் வெளியே போனபிறகு எதற்குப் பூட்டு என்று நான் கேட்கவில்லை. யாரைக் கேட்பது? மாமாவின் போனுக்கு அடித்தேன், அது கூடத்து மேஜையிலேயே அலறியது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனை உடைந்த நட்சத்திரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. பஸ் வந்தது, நின்றது, யாரோ இறங்கினார்கள். கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, வருகிறேனா என்று கையைக் காட்டிக் கேட்டார். நான் பூட்டைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு விசில் கொடுத்தார். அடுத்த பஸ்ஸும் போனது. அதற்கடுத்ததும் போனது. பாண்டிசெல்வி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுத்து என்ன சொல்வது? நான் வரைந்த வலது கட்டத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறேன் என்றா?

வெயில் ஏறியபிறகு மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஜான்சி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தது.

“ஏத்தா, இன்னைக்கு நீ பாத்திருக்கணும். கண்மாய்க் கரையில விட்டேன் பாரு, எம்புட்டுச் சந்தோசமா ஓடுது! நாலு பேரு நின்னு போட்டோ எடுக்கான்.” பூட்டைத் திறந்து, உள்ளே வந்து, திரும்பவும் பூட்டினார். அப்போதுதான் என் பையைப் பார்த்தார். “அடடா! இன்னைக்கா? மறந்தே போச்சே. சரி விடு, நாளைக்குப் பாப்போம்.”

என் போன் அதிர்ந்தது. பாண்டிசெல்வியின் செய்தி. சிவகாசிக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார், கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தேன். எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

“அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான் மாமா” என்றேன்.

“எந்தப் படத்தை?”

“கேட்டு, நாயி, பஸ்ஸு. எல்லாம் நான்தான் வரைஞ்சேன். அது ஜான்சி இல்லை. அது நான்.”

அவர் ஜான்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வழக்கு பிடிபடாதபோது ஸ்டேஷனில் எப்படி முழித்திருப்பாரோ அப்படி முழித்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். “சரித்தா. இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுத? கேட்டைத் திறக்கணும்னா ஜான்சியைக் கட்டணும். கட்டுனா ஊருல நான் மொகத்தைக் காட்ட முடியுமா? சிரிக்க மாட்டானா?”

அத்தை வாளியை டமாரென்று கீழே வைத்தார். மாமாவுக்கு முன்னால் அத்தை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“ஏங்க, எங்களை உள்ள போட்டுப் பூட்டுனதுக்கு இம்புட்டு வருசமா ஊருல ஒருத்தனும் சிரிக்கலைல்ல?” என்றார்.

மாமா பெல்ட்டில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்தார். கொடுக்கப் போகிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு, “நாய்க்குத் தண்ணி வைக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாவி அவரோடு போனது.

மத்தியானம் நான் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் படுத்திருக்க வேண்டும்.

“நான் முதல்லயே கண்டுபிடிச்சுட்டேன்டி” என்றார். “நீ மத்தியானம் மத்தியானம் போனை நோண்டுறதைப் பாக்காமலா இருக்கேன்? நாயிக்கு எவளாவது மஞ்சச் சங்கிலி போடுவாளா?” சொல்லிக்கொண்டே தன் கழுத்துக் கயிற்றை இழுத்து முந்தானைக்குள் விட்டுக்கொண்டார்.

“பொறவு ஏன் அத்தை சொல்லலை?”

“சொன்னா வரையுறதை விட்டுருவியே.” அவர் என் போனை எடுத்து என் மடியில் வைத்தார். “இன்னைக்கும் வரை. இந்தத் தடவ பக்கத்துல இன்னொரு நாயையும் போடு. வயசான நாயி. அதே சங்கிலி.”

போனைத் திறந்து இரண்டு கட்டங்கள் போட்டேன். வலது பக்கம் கேட்டை வரைந்தேன், நட்சத்திரங்களை வரைந்தேன், கம்பிக்குப் பின்னால் இரண்டு நாய்களை உட்காரவைத்தேன். அத்தை என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வயசான நாய்க்குக் காது இன்னும் கொஞ்சம் தொங்கவேண்டும் என்று திருத்தினார்.

“இடது பக்கம் என்ன போடட்டும் அத்தை?” என்று கேட்டேன். “கல்யாணமாகி வாரப்ப நீங்க என்ன நெனைச்சு வந்தீங்க?”

அவர் யோசித்தார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஜான்சி பூட்டிய கேட்டுக்கு அருகில் நிழலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னமோ நெனைச்சுத்தான் வந்தேன்” என்றார். “மறந்துபோச்சு. அதைக் காலியா விட்டுரு.”